எமில் ஜோலா: வைகறைத் தாளில் ஒரு கடிதம்

தென் பிரான்சில் எக்ஸ் நகரத்துக்கு அருகே மலையிடுக்கில் ஓர் அணை நிற்கிறது. ஜோலா அணை என்று அதற்குப் பெயர். வெனிஸ் நகரில் பிறந்த பிரான்செஸ்கோ ஜோலா என்னும் பொறியாளர், தண்ணீருக்குத் தவித்த அந்த நகருக்குக் கால்வாய் அமைத்துத் தருவதென முடிவு செய்து, அனுமதிக்காகப் பல்லாண்டுகள் அரசு அலுவலகங்களின் படியேறி இறங்கினார். வேலை தொடங்கிய சிறிது காலத்துக்குள், 1847 மார்ச்சில், நோயுற்று இறந்தார். அவருடைய ஒரே மகனுக்கு அப்போது ஏழு வயதும் நிறையவில்லை. 1840 ஏப்ரல் 2ஆம் நாள் பாரிசில் பிறந்த அந்த மகன்தான் எமில் ஜோலா. அணையும் கால்வாயும் பின்னால் முற்றுப்பெற்றன. குடும்பத்தின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. கால்வாய் நிறுவனத்தோடு வழக்காடி வழக்காடித் தாயார் ஓய்ந்துபோனார். செத்துப்போன இந்தத் தந்தையை ஐம்பத்தோராண்டு கழித்து ஒரு நாளிதழ் தோண்டியெடுத்து வெளியே போடும் என்று அன்று யார் நினைத்திருக்கக்கூடும்?

எக்ஸ் நகரப் பள்ளியில் எமிலின் உயிர்த்தோழன், பின்னாளில் ஓவிய உலகையே திசைதிருப்பிய போல் செசான். இருவரும் மலைச்சரிவுகளில் சுற்றிக் கவிதை படித்துக் காலம் கழித்தார்கள். 1858இல் தாயும் மகனும் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார்கள். மறு ஆண்டு எழுதிய தேர்வில் எமில் இருமுறை தோற்றார். சுங்கத் துறையில் சில வாரம் எழுத்தர் வேலை, பிறகு வேலையில்லாத பட்டினிக் குளிர்காலம். கவிஞனாக வேண்டும் என்பதே அவர் கனவு. 1862இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு அஷெத் பதிப்பகத்தில் புத்தகக் கட்டு கட்டும் வேலையும் கிடைத்தது. விரைவிலேயே அந்நிறுவனத்தின் விளம்பரப் பகுதிக்கு அவர் தலைவரானார்.

அந்த நாற்காலியில் கற்ற பாடம் அவருடைய வாழ்வின் பிற்பகுதியை நிர்ணயித்தது. ஒரு புத்தகத்தைப் பற்றிய குறிப்பு எந்த ஏட்டுக்கு எந்தச் சொல்லில் போகவேண்டும், எந்த விமர்சகரை எப்படி அணுகவேண்டும், ஒரு சர்ச்சை எத்தனை படி விற்கும் என்பதையெல்லாம் அங்கேதான் அவர் அறிந்துகொண்டார். நாளிதழைத் தூய அறிவுக்கோயில் என்று கருதும் மயக்கம் ஜோலாவுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அது ஒரு பட்டறை. பணம் போட்டவர், எழுதுபவர், சந்தாதாரர் என்று மூவர் சேர்ந்து இயக்குவது. 1866இல் பதிப்பகத்தை விட்டு முழுநேரப் பத்திரிகையாளராகி, ஓவியக் கண்காட்சியைப் பற்றித் தொடர் எழுதத் தொடங்கினார். எல்லாரும் எள்ளி நகையாடிய மானேயை அவர் உயர்த்திப் பேசியதும் வாசகர்களின் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. ஆசிரியர் தொடரைப் பாதியில் முடித்தார். பத்தாண்டு கழித்து, குடிகாரத் தொழிலாளியின் கதையான 'லஸோம்வார்' நாவலுக்கும் இதுவே நேர்ந்தது. தொடராக வெளியிட்ட குடியரசுக் கட்சி ஏடு, எதிர்ப்புக்கு அஞ்சி இடையில் நிறுத்திக்கொண்டது. வாசகரின் சினம் விற்பனையைக் கூட்டும்வரை ஆசிரியர் வீரர். சந்தாவைக் குறைக்கத் தொடங்கினால் அவர் வேறு மனிதர். இதை ஜோலா மூன்றாவது முறையும் காணவேண்டியிருந்தது.

நாவலாசிரியர் ஜோலாவைப் பற்றி இம்மலரின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1871 முதல் 1893 வரை, ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைகளைப் பின்தொடர்ந்து இருபது நாவல்கள். 'நானா', சுரங்கத் தொழிலாளரின் வாழ்வைச் சொன்ன 'ஜெர்மினால்', பங்குச் சந்தையைச் சொன்ன 'பணம்' ஆகியவை அவற்றுள் சில. 1891இல் வந்த 'பணம்' நாவல் இங்கே இரண்டு காரணங்களுக்காக நினைக்கத்தக்கது. அதில் வரும் நிதி முதலாளி, தன் வங்கியின் பங்குகளுக்கு மதிப்பேற்றுவதற்காக ஒரு கத்தோலிக்க ஏட்டையே விலைக்கு வாங்கிவிடுகிறான். பக்தி வாசகரின் நம்பிக்கை அவனுக்கு மூலதனமாகிறது. இன்னொரு காரணம் அவ்வளவு பெருமைக்குரியதன்று. யூத வங்கியாளரைப் பற்றி அக்காலத் தெருவில் உலவிய சித்திரத்தை ஜோலாவும் அந்நாவலில் பெருமளவு அப்படியே எடுத்தாண்டார். ஐந்தாண்டு கழித்து, 1896 மே மாதம், யூதர்கள் மீதான வெறுப்பைக் கண்டித்து 'லெ ஃபிகாரோ' நாளிதழில் அவரே ஒரு கட்டுரை எழுதினார். மனிதர் நகர்ந்திருந்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பிரான்சின் பத்திரிகை உலகில் நிகழ்ந்த ஒன்றை அறியாமல் பின்கதை விளங்காது. பனாமாக் கால்வாய் நிறுவனம் நொடித்துப்போய், சிறுசேமிப்பாளர் பல்லாயிரவர் பணத்தை இழந்தனர். நிறுவனத்துக்குச் சாதகமாகச் சட்டம் கொண்டுவர நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கையூட்டு தரப்பட்ட செய்தி 1892இல் வெடித்தது. வெளிக்கொணர்ந்ததில் முன்னின்றது, எதுவார் துருமோன் அவ்வாண்டுதான் தொடங்கியிருந்த 'லா லிப்ர் பரோல்' என்ற ஏடு. சுதந்திரச் சொல் என்பது அப்பெயரின் பொருள். யூத வெறுப்பையே தொழிலாகக் கொண்டவர் துருமோன். ஆனால் அவர் அச்சிட்ட கையூட்டுக் கதை அடிப்படையில் உண்மை. பெரிய நாளிதழ்கள் ஏன் வாய்மூடிக் கிடந்தன என்பதற்கு விடை விசாரணையில் கிடைத்தது. விளம்பரம் என்ற பெயரில் அவையும் அந்நிறுவனத்திடம் பணம் பெற்றிருந்தன. இடைத்தரகர்களில் இருவர் யூதர் என்பதைப் பிடித்துக்கொண்டு, நாடாளுமன்ற ஊழலை ஓர் இனத்தின் சதியாக மாற்றி எழுதினார் துருமோன். பெரிய தாள்கள் மறைப்பதைச் சிறிய தாள் சொல்கிறது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிற்று. ஒருமுறை மெய் சொன்னவன் மறுமுறை சொல்லும் பொய்க்கு எவ்வளவு விலை கிடைக்கும் என்பது இரண்டே ஆண்டில் தெரிந்தது.

1894 செப்டம்பரில் பாரிசிலிருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து ஒரு தாள் பிரெஞ்சு உளவுத்துறையின் கைக்கு வந்தது. இராணுவ இரகசியங்கள் சிலவற்றை விற்க முன்வந்த யாரோ ஒருவரின் பட்டியல் அது. கையெழுத்து ஒத்திருக்கிறதென்று, அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த யூதரான ஆல்ஃபிரெட் டிரைஃபஸ் என்னும் பீரங்கிப்படைக் கேப்டனை அக்டோபர் 15ஆம் நாள் கைது செய்தனர். சான்று மெலிந்தது, வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. போர் அமைச்சர் மெர்சியே தயங்கக் காரணமிருந்தது. ஆனால் அக்டோபர் 29ஆம் நாள் 'லா லிப்ர் பரோல்' கைது நடந்ததா என்று ஒரு சிறு வினாவை அச்சிட்டது. நவம்பர் முதல் நாள் பெயரையும் இனத்தையும் தலைப்பாக்கி வெளியிட்டது. அதன்பின் டிரைஃபஸை விடுவித்தால் அமைச்சர் யூதரிடம் விலைபோனவர் என்ற பழி தயாராகக் காத்திருந்தது. கட்சி ஏட்டின் பணி அதோடு முடிந்தது. எஞ்சியதைச் செய்தவை, நடுநிலை என்று பெயர் பெற்ற தாள்கள். விசாரணை தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே, குற்றம் உறுதியானது என்னும் பொருளில் அமைச்சர் கூறியதை நவம்பர் 28ஆம் நாள் 'லெ ஃபிகாரோ' வெளியிட்டது. கூச்சல் இல்லை, வசை இல்லை. அமைச்சர் சொன்னார், நாளிதழ் அச்சிட்டது, அவ்வளவே. துருமோனைப் படிக்கக் கூசுகிற நல்ல குடும்பங்களின் காலையுணவு மேசைக்கும் தீர்ப்பு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

டிசம்பரில் மூடிய கதவுகளுக்குள் இராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றவாளித் தரப்புக்குக் காட்டாத ஓர் இரகசியக் கோப்பு நீதிபதிகளின் கைக்குப் போனது. ஒருமனதான தீர்ப்பு; ஆயுள் முழுதும் நாடுகடத்தல். 1895 ஜனவரி 5ஆம் நாள் இராணுவப் பள்ளி முற்றத்தில் அவருடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்து வாளை ஒடித்தார்கள். அந்தக் காட்சியை நாவலாசிரியரின் மகனான லெயோன் தோதே மறுநாள் 'லெ ஃபிகாரோ'வில் வருணித்தார். தென்னமெரிக்கக் கரையருகே பிசாசுத் தீவில் டிரைஃபஸ் அடைக்கப்பட்டார். இவை நடந்த இலையுதிர் காலத்தின் பெரும்பகுதியை ஜோலா அடுத்த நாவலுக்கான குறிப்பெடுப்பில் ரோமில் கழித்தார். அவருக்கும் மற்ற எல்லாரையும் போல் அது முடிந்த கதை.

முடிந்த கதையைத் திறந்துவிட்டவையும் நாளிதழ்களே. அதுவும் டிரைஃபஸை மேலும் புதைக்க விரும்பிய நாளிதழ்கள். சிறையாளரின் அண்ணன் மத்தியே, உலகம் தம் தம்பியை மறக்காதிருக்கட்டும் என்று 1896 செப்டம்பரில் ஒரு ஆங்கில நாளிதழில் அவர் தப்பிவிட்டதாகப் பொய்ச்செய்தி வரச் செய்தார். விளைவு, தீவில் இரவுதோறும் கால்விலங்கு. அச்செய்தி கிளப்பிய பேச்சை அடக்குவதற்காக 'லெக்லேர்' என்ற நாளிதழ் தீர்ப்பை நியாயப்படுத்தி எழுதியது. அப்போது நீதிபதிகளுக்கு இரகசியமாக ஒரு சான்று காட்டப்பட்டதையும் பெருமையாகச் சொல்லிவிட்டது. சட்டமீறலுக்கு எதிரியின் வாயிலிருந்தே சாட்சியம் கிடைத்தது. நவம்பரில் 'லெ மத்தேன்' அந்தப் பட்டியலின் உருவப்படியையே பரபரப்புக்காக அச்சிட்டது. அதன்பின் பிரான்சில் யார் வேண்டுமானாலும் அந்தக் கையெழுத்தைத் தம் பெட்டியிலுள்ள கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றாயிற்று. ஓராண்டு கழித்து ஒரு பங்குத் தரகர் அதைத்தான் செய்தார். அது தம் வாடிக்கையாளரான மேஜர் எஸ்டெர்ஹாசியின் கையெழுத்து என்று கண்டுகொண்டார். இராணுவத்துக்குள்ளேயே கர்னல் பிக்கார் இதைத் தனியாகக் கண்டறிந்து, அதற்குப் பரிசாகத் தூனிசியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார் என்பது வேறு கதை.

1897 நவம்பரில் மேலவைத் துணைத்தலைவர் ஷேரர்-கெஸ்த்னர் தமக்குக் கிடைத்த சான்றுகளை ஜோலாவிடம் விரித்துச் சொன்னார். ஜோலாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. இருபது நாவல் முடிந்து, புகழும் செல்வமும் சேர்ந்து, மேதான் கிராமத்தில் மாளிகை எழும்பியிருந்தது. பிரெஞ்சுக் கழகத்தில் இடம் ஒன்றுதான் பலமுறை முயன்றும் கிட்டாதது. இதில் இறங்கினால் அது என்றென்றைக்கும் கிட்டாது. முதலில் அவரை ஈர்த்தது அறமா நாடகமா என்று கேட்டால், இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே நேர்மையான விடை. குற்றமற்றவன் தீவில், குற்றவாளி பாரிசில், உண்மையறிந்த முதியவர் மேலவையில்: கதைக்கட்டின் அழகில் சொக்கித்தான் அவர் உள்ளே வந்தார். உள்ளே வந்தபின் வெளியேற அவருடைய மனச்சான்று இடம்கொடுக்கவில்லை.

'லெ ஃபிகாரோ' அவருக்கு இடம் தந்தது. நவம்பர் 25, டிசம்பர் 1, டிசம்பர் 5 ஆகிய நாள்களில் மூன்று கட்டுரைகள் வந்தன. இரண்டாவது கட்டுரைதான் இன்றும் கூர்மழுங்காதது. யூதப் பணத்தால் இயங்கும் ஓர் இரகசியக் கூட்டு நீதிபதிகளையும் எழுத்தாளர்களையும் விலைக்கு வாங்குகிறது என்று தேசியவாத ஏடுகள் நாள்தோறும் எழுதிவந்தன. இந்தக் கற்பனைக்கு ஒரு வலிமை உண்டு: எந்தச் சான்றையும் அது விழுங்கிச் செரித்துவிடும். டிரைஃபஸுக்கு எதிரான சான்று அவர் குற்றவாளி என்பதைக் காட்டும். ஆதரவான சான்றோ கூட்டின் பணபலத்தைக் காட்டும். ஜோலா அந்தச் சொல்லையே எடுத்துத் திருப்பிப் போட்டு, உண்மையை விரும்புவோரெல்லாம் சேர்ந்த கூட்டு ஒன்று உண்டானால் தாமும் அதில் உறுப்பினரே என்று எழுதினார். சந்தாதாரர்கள் விலகத் தொடங்கினர். இளமையில் இருமுறை கண்டதை மூன்றாம் முறையும் கண்டார். 'லெ ஃபிகாரோ' பின்வாங்கியது, அதன் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். பிரதமர் மெலின், டிரைஃபஸ் விவகாரம் என்ற ஒன்றே கிடையாது என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பெருவாரி நாளிதழ்களுக்கு அந்தச் சொல் போதுமானதாயிருந்தது. ஜோலா தம் செலவில் இறங்கி இளைஞருக்கும் பிரான்சுக்கும் என்று சிறுநூல்களாகக் கடிதம் எழுதினார். அவை நாளிதழைப்போல் ஓடவில்லை.

1898 ஜனவரி 11ஆம் நாள் எஸ்டெர்ஹாசியை இராணுவ நீதிமன்றம் சில நிமிட ஆலோசனையில் ஒருமனதாக விடுவித்தது. தெருவில் அவருக்கு வாழ்த்தொலி. ஜோலா குடியரசுத் தலைவர் ஃபெலிக்ஸ் ஃபோருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி முடித்தார். சிறுநூலாக்குவதைவிட நாளிதழே தக்கதென்று, சில மாதங்களுக்குமுன் தொடங்கப்பட்டிருந்த 'லொரோர்' அலுவலகத்துக்கு அதைக் கொண்டுசென்றார். வைகறை என்று பொருள்படும் பெயர்கொண்ட அத்தாளில் எழுதிவந்த கிளெமான்சோ, கடிதத்தின் இறுதியில் அடுக்கடுக்காகத் திரும்பிவந்த சொல்லையே எடுத்துத் தலைப்பாக்கினார். நான் குற்றஞ்சாட்டுகிறேன் என்ற தலைப்போடு ஜனவரி 13ஆம் நாள் முதற்பக்கம் முழுவதையும் நிறைத்து வந்த அக்கடிதம் முந்நூறாயிரம் படி அச்சிடப்பட்டது. விளம்பரப் பகுதித் தலைவராக இருந்த இளைஞன் அந்தக் காலையில் எங்கும் போய்விடவில்லை. பெரிய எழுத்துத் தலைப்பு, பெயர் சொல்லிச் சாட்டுதல், கூவி விற்கும் பையன்களின் படை: துருமோனின் கருவிகள் எல்லாம் அங்கே இருந்தன.

ஒரே ஒரு வேறுபாடு, அதுவே எல்லாம். 1881ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தில் எந்தப் பிரிவுகளின்கீழ் தாம் தண்டிக்கப்படலாம் என்பதை ஜோலா கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்தார். அச்சட்டப்படி அதிகாரிகளை அவதூறு செய்த வழக்கு நடுவர் குழுவின்முன் வரும். அங்கே சாட்சிகளை அழைத்து உண்மையை மெய்ப்பிக்க இடமுண்டு. மூடிய கதவுக்குள் நடந்ததைத் திறந்த மன்றத்துக்கு இழுத்துவர வேண்டும். அதற்கான தூண்டிலில் தம்மையே இரையாகக் கோத்தார். வதந்தி எழுதுபவன் பொறுப்பிலிருந்து தப்ப வழிவைத்து எழுதுவான். இவர் தண்டனையைக் கேட்டு வாங்க எழுதினார்.

ஆயினும் அக்கடிதத்தில் பிழையுண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சதியின் மூளையாக மேஜர் து பாத்தி து கிளாம் என்பவரை அவர் நிறுத்தினார். போலி ஆவணம் செய்து கோப்பைக் கொழுக்க வைத்த ஆன்றியின் பெயர் குற்றப்பட்டியலிலேயே இல்லை. கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்ற நாவலாசிரியரின் பழக்கம், கிடைத்த சான்றைவிட ஓரடி முன்னே போய்விட்டது. அரசின் வழக்கறிஞர்கள் பிழைகளைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை என்பது விந்தை. முழுக் கடிதத்தையும் தொட அவர்கள் அஞ்சினர். எஸ்டெர்ஹாசியை மேலிடத்து உத்தரவால் விடுவித்தார்கள் என்ற ஒரு பகுதியை மட்டும் எடுத்து வழக்குப் போட்டார்கள். டிரைஃபஸ் பெயரைக் கொண்டுவரும் கேள்வி ஒவ்வொன்றையும் நீதிபதி தடுத்தார்.

பிப்ரவரி 7 முதல் 23 வரை நடந்த வழக்கில் நடுவர்களின் பெயரும் முகவரியும் தேசியவாத ஏடுகளில் அச்சாயின. வாசகர் புரிந்துகொள்ள வேண்டியதைப் புரிந்துகொண்டார்கள். கேலிச்சித்திரத்துக்கென்றே இரு தரப்பும் தனித்தனி வார ஏடு தொடங்கின. கத்தோலிக்க நாளிதழான 'லா குருவா' பாதிரியார் இல்லங்கள் தோறும் வெறுப்பைக் கொண்டுசேர்த்தது. அதே ஏடு 1998 ஜனவரியில், நூறாண்டு நிறைவின்போது, தன் பழம்பக்கங்களுக்காக வருத்தம் தெரிவித்தது. தீர்ப்பு ஓராண்டுச் சிறை, மூவாயிரம் பிராங்க் தண்டம். முறைப்பிழை காட்டி மேல்மன்றம் அதை நீக்க, வெர்சாயில் இரண்டாம் வழக்கு வந்தது.

அவ்வழக்கு தொடங்கிய மே 23ஆம் நாள்தான் 'லெ பெத்தி ஜூர்னால்' இறந்துபோன பொறியாளரைத் தோண்டியெடுத்தது. அது கட்சித் தாள் அன்று. சிறுகாசுக்கு விற்று, பத்து இலட்சம் படி போய், சமையற்காரியும் வண்டிக்காரனும் படித்த குடும்ப நாளிதழ். அதன் ஆசிரியர் எர்னெஸ்த் ஜூதே, பிரான்செஸ்கோ ஜோலா 1832இல் அல்ஜீரியாவில் அயல்நாட்டுப் படையில் இருந்தபோது பணம் கையாடியதாக எழுதினார். டிரைஃபஸ் குற்றவாளியா இல்லையா என்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? தொடர்பு தேவையில்லை என்பதே அந்த முறையின் சாரம். கேள்வியிலிருந்து கேட்பவன்மேல் கண்ணைத் திருப்பினால் போதும். இத்தாலியன் மகன், திருடன் மகன் பிரெஞ்சுப் படையைப் பழிக்கிறான் என்ற வாக்கியம் வாசகர் மனத்தில் தானாகவே எழுதிக்கொள்ளும். ஜோலா வழக்குத் தொடுத்து ஆகஸ்டில் வென்றார். பின்னர் ஆவணக் கிடங்குகளைத் துழாவி, 1900 ஜனவரியில் தந்தைக்காகத் தனிக் கட்டுரைகளே எழுதினார். பத்து இலட்சம் படியில் வந்த அவதூற்றை அந்த மறுப்புகள் எவ்வளவு தூரம் துரத்திப் பிடித்திருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

ஜூலை 18ஆம் நாள் வெர்சாய்த் தீர்ப்புக்குக் காத்திராமல், நண்பர்களின் வற்புறுத்தலால், கைப்பெட்டிகூட இல்லாமல் அவர் லண்டனுக்கு ரயிலேறினார். பெயரை மாற்றிக்கொண்டு, ஆங்கிலம் தெரியாமல், புறநகர் விடுதிகளில் ஏறத்தாழப் பதினொரு மாதம் வாழ்ந்தார். புகைப்படம் எடுத்தார், ஒரு நாவல் எழுதினார். பாரிசில் அவருடைய லெஜியன் விருது நிறுத்திவைக்கப்பட்டது. கையெழுத்து வல்லுநர்களுக்குத் தரவேண்டிய இழப்பீட்டுக்காக வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. முதலில் வந்த மேசை ஒன்றையே முழுத் தொகைக்கும் பதிப்பாளர் ஏலத்தில் எடுத்து, மற்றவற்றைக் காப்பாற்றினார்.

அந்த ஆகஸ்டில் போலி வெளிப்பட்டது. போர் அமைச்சர் கவேஞாக் நாடாளுமன்றத்தில் வெற்றிக்களிப்போடு படித்து, ஊர்தோறும் சுவரில் ஒட்டச் செய்த ஆவணம் ஆன்றியே ஒட்டுப்போட்டுச் செய்தது என்று ஓர் அதிகாரி விளக்கொளியில் கண்டுபிடித்தார். ஆன்றி ஒப்புக்கொண்டு, மறுநாள் சிறையறையில் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். கதை இத்தோடு முடிந்திருக்கவேண்டும் என்று நினைப்பவர் ஏடுகளை அறியாதவர். ஒரு வாரத்துக்குள் ஷார்ல் மொராஸ் என்ற இளம் எழுத்தாளர், நாட்டுக்காகச் செய்த வீரச்செயலே அந்தப் போலி என்று எழுதினார். டிசம்பரில் 'லா லிப்ர் பரோல்' ஆன்றியின் மனைவிக்காக நிதி திரட்டியது. ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பிராங்குக்குமேல் கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியல்கள் நாள்தோறும் ஏட்டில் வந்தன. அவற்றில் மூன்று பிராங்க் கொடுத்த பெயர்களில் ஒன்று போல் வலேரி.

கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்றுதான் போகவேண்டும். இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதையின் மிகக் கூரிய அறிவு என்று போற்றப்படுபவர் வலேரி. அவருடைய ஆசான் மலார்மேயோ, எளிதில் விளங்காத கவிதை எழுதியவர், அரசியல் தெருவுக்கு வராதவர். ஜோலா தண்டிக்கப்பட்டதும் பாராட்டித் தந்தி அனுப்பினார். ஏழைகளின் கவிஞர் என்று பெயரெடுத்த பிரான்சுவா கோப்பே டிரைஃபஸுக்கு எதிரான சங்கத்துக்குக் கௌரவத் தலைவரானார். இளைஞர் ஷார்ல் பெகி டிரைஃபஸுக்காகத் தெருச்சண்டையில் நின்றார். யாருக்கும் பெயர் தெரியாத மார்செல் புரூஸ்த் கையெழுத்து வேட்டையாடி, அனதோல் பிரான்சின் ஒப்பத்தை வாங்கிவந்தார். அறிவுஜீவி என்ற சொல் அந்தக் கையெழுத்துப் பட்டியல்களையொட்டித்தான் ஏளனமாக ஊரெங்கும் பரவிற்று. ஏளனத்தை ஏற்றவர்கள் அதையே பட்டமாக்கிக்கொண்டார்கள். எளிய கவிதைக்கும் அரிய கவிதைக்கும், நல்ல கவிஞனுக்கும் நல்ல கண்ணுக்கும் இடையே நேர்க்கோடு போட முடியாது என்பதற்கு அந்த ஆண்டைவிடத் தெளிவான ஆண்டு கிடையாது.

1899 ஜூனில் மேல்மன்றம் 1894ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கியதும் ஜோலா பாரிஸ் திரும்பினார். ரென் நகரில் கூடிய இரண்டாம் இராணுவ நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் டிரைஃபஸை மறுபடியும் குற்றவாளி என்றது. குற்றத்தைத் தணிக்கும் சூழ்நிலைகள் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டது. துரோகத்துக்குத் தணிக்கும் சூழ்நிலை எது என்று எவரும் விளக்கவில்லை. பத்து நாளில் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு வந்தது. 1900 டிசம்பரில் இருதரப்புக்கும் பொதுவாக மன்னிப்புச் சட்டம் நிறைவேறிற்று. பொய்யாவணம் செய்தோரையும் அதை வெளிப்படுத்தியோரையும் ஒரே தட்டில் வைத்து மறக்கச் சொன்ன அச்சட்டத்தை ஜோலா கடுமையாக எதிர்த்தார். பெருவாரி நாளிதழ்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு அது. விவகாரம் அலுத்துப்போயிருந்தது. 'லெ பெத்தி ஜூர்னால்' மட்டும் விலை கொடுத்தது. அதன் வாசகர்கள் ஆயிரமாயிரமாகப் போட்டி நாளிதழுக்கு நகர்ந்தார்கள், மீளவில்லை.

1902 செப்டம்பர் 28ஆம் நாள் மேதானிலிருந்து திரும்பிய ஜோலாவும் மனைவி அலெக்சாந்திரீனும் பாரிஸ் வீட்டில் கணப்பு மூட்டிப் படுத்தார்கள். புகைபோக்கி அடைபட்டிருந்தது. காலையில் அவர் உயிர் பிரிந்திருந்தது, மனைவி பிழைத்தார். விபத்து என்று விசாரணை முடிந்தது. 'லா லிப்ர் பரோல்' அந்தச் சாவையும் அவருடைய எழுத்துப்பாணியை நையாண்டி செய்யும் தெருச்செய்தியாக வெளியிட்டது. புகைபோக்கியை வேண்டுமென்றே அடைத்ததாகக் கூரை வேலைக்காரர் ஒருவர் சாகுமுன் ஒப்புக்கொண்டார் என்ற செய்தி 1953இல் ஒரு பாரிஸ் நாளிதழில் வந்தது. அது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. அந்தச் செய்தியையும் அதே ஐயத்தோடுதான் படிக்கவேண்டும். அக்டோபர் 5ஆம் நாள் மோன்மார்த்ர் கல்லறைக்குப் போன ஊர்வலத்தில் வடக்குச் சுரங்கத் தொழிலாளர் அணியொன்று, 'ஜெர்மினால்' என்ற நாவலின் பெயரை மட்டும் மீண்டும் மீண்டும் முழங்கிக்கொண்டு நடந்தது.

1906 ஜூலை 12ஆம் நாள் டிரைஃபஸ் முற்றும் குற்றமற்றவர் என மேல்மன்றம் அறிவித்தது. 1908 ஜூன் 4ஆம் நாள் ஜோலாவின் எலும்புகளைப் பாந்தெயோனுக்கு மாற்றினார்கள். விழாவின் முடிவில் லூயி கிரெகோரி என்பவர் துப்பாக்கியெடுத்து டிரைஃபஸை இருமுறை சுட்டார். குண்டு கையில் பட்டது. இராணுவச் செய்திகள் எழுதிவந்த பத்திரிகையாளர் அவர். செப்டம்பரில் பாரிஸ் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.